நிலத்தின் இயல்பும் நமது பொறுப்பும்

ஒருவர் நோயுற்றார் என்ற செய்தி நம் சமூகத்தில் பரவும்போது பெரும்பாலும் இரண்டு விதமான பேச்சு எழுகின்றது. மூத்தவர்கள், "எந்தப் பிறப்பில் என்ன வினை செய்தாரோ" என்பார்கள். இளையவர்கள், "சாப்பாட்டைக் கவனிக்கவில்லை, நடை, உடற்பயிற்சி ஒன்றுமில்லை" என்பார்கள். முதலாவது பழைய பேச்சு, இரண்டாவது புதிய பேச்சு. ஆனால் இரண்டும் ஒரே முடிவுக்குத்தான் வந்து சேர்கின்றன. நோய்க்குக் காரணம் நோயாளியே என்பதுதான் அந்த முடிவு.

மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. அவர் எங்கே வாழ்ந்தார்? அந்த இடத்து நீர் எப்படிப்பட்டது? ஓர் அறையில் எத்தனை பேர் படுத்தார்கள்? அந்த இடத்தை அவரே தெரிந்தெடுத்தாரா, அல்லது வேறொருவர் அவரை அங்கே குடியிருத்தினாரா? இந்தக் கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. கேட்டால் பழி போய்ச் சேரும் இடம் மாறிவிடும். பழியோடு கடமையும் இடம் மாறிவிடும். அதைப் பற்றியே இக்கட்டுரையில் சிறிது சிந்திக்க விரும்புகின்றோம்.

கொங்கு நாட்டுச் சுரம்

"எல்லாம் வினைப்பயன் என்று நமது சமயம் சொல்கிறதே, அதற்குமேல் என்ன கேள்வி?" என்று சிலர் நினைக்கலாம். ஆகவே நம் சமயத்திலிருந்தே தொடங்குவோம்.

திருஞானசம்பந்தப் பெருமான் அடியார் கூட்டத்தோடு கொங்கு நாட்டுத் திருக்கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்த வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகின்றது. அப்போது பனிக்காலம் வந்தது. உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றிக்கொண்டது. அவர்கள் காவிரிச் சமவெளியிலிருந்து போனவர்கள். அந்த மலைப்புறத்துப் பனியும் சுரமும் அவர்களுக்குப் புதியவை. சம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார், சுரம் நீங்கியது என்பது நாம் எல்லோரும் அறிந்த கதை.

இதிலே மூன்று செய்திகளை நாம் கவனிக்க வேண்டும். முதலாவது, இந்தச் சுரம் அந்த நிலத்தின் இயல்பு என்பது அங்கே ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. இந்த அடியார் என்ன பாவம் செய்தார், அந்த அடியார் எதில் தவறினார் என்று ஒருவரும் ஆராயவில்லை. இரண்டாவது, அந்தப் பதிகம் வினையைப் பற்றித்தான் பேசத் தொடங்குகின்றது. ஆனால் வினையைக் காரணம் சொல்லிவிட்டு, உய்யும் வழியைத் தேடாமல் இருந்துவிடுவது குறையே என்பதுதான் அதன் தொடக்கத்திலே உள்ள கருத்து. மூன்றாவது, சுரம் அடியார்களை மட்டும் விட்டுப் போகவில்லை, அந்த நாட்டையே விட்டுப் போயிற்று என்று புராணம் சொல்கின்றது. தம்மோடு வந்தவர்கள் பிழைத்தால் போதும் என்று அருளாளர் நின்றுவிடவில்லை.

நிலத்தின் இயல்பை அறிதல், வழியைத் தேடுதல், அந்த நாட்டார் அனைவருக்கும் தேடுதல் என்னும் இந்த மூன்றையும் மனதிலே வைத்துக்கொண்டு அண்மைக்கால வரலாற்றைப் பார்ப்போம்.

கெட்ட காற்றும் நுளம்பும்

நிலத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது நம் முன்னோருக்குத் தெரியாத விஷயமல்ல. சித்த மருத்துவம் ஐவகை நிலங்களையும் பிரித்து, இந்த நிலத்தில் இந்த நோய் மிகும் என்று கூறுகின்றது. மலை சார்ந்த குறிஞ்சியைச் சுரத்துக்கு இடமாகவும், மருதத்தை நோய் குறைந்த நிலமாகவும் அது கொள்கின்றது. கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களில் காற்று, நீர், இடம் என்பவற்றைப் பற்றியே ஒரு நூல் உண்டு. புதிய ஊருக்குப் போகும் வைத்தியர் முதலில் அந்த ஊரின் காற்றையும் நீரையும் பார்க்க வேண்டும் என்பது அதன் உபதேசம். "மலேரியா" என்ற சொல்லே இத்தாலிய மொழியில் "கெட்ட காற்று" என்று பொருள்படுவது.

காற்றல்ல, நுளம்பு (கொசு) தான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் செக்கந்தராபாத்தில் கிடைத்தது. இந்தியாவில் பிறந்த ஆங்கில இராணுவ வைத்தியர் ரொனால்ட் ரோஸ், அனோபிலிஸ் இன நுளம்பின் வயிற்றிலே மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இதற்கு முன்பு நடந்தவற்றை அறியாமை என்று சொல்லலாம். இதற்குப் பின்பு நடந்த எல்லாவற்றையும் அப்படிச் சொல்லிவிட முடியாது.

ஆறு வற்றிய ஆண்டு

இலங்கையில் மலேரியா வறண்ட பிரதேசத்து நோய். அநுராதபுரம் போன்ற பகுதிகளில் அது ஆண்டுதோறும் வந்து போகும். அங்குள்ள மக்கள் சிறுவயது முதல் அதற்கு ஆளாகி, பெரியவர்களாகும்போது ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருப்பார்கள். தென்மேற்கிலுள்ள ஈரப் பிரதேசத்தில் அந்தத் தொல்லை குறைவு. நல்ல மழை, இடைவிடாது ஓடும் ஆறுகள். ஓடும் நீர் நுளம்பின் குடம்பிகளை அடித்துக்கொண்டு போய்விடும்.

1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் வற்றி, மணற்படுகையிலே ஆங்காங்கு சிறு குட்டைகளாகத் தேங்கின. வெயில் படும் தெளிந்த தேங்குநீர், அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்புக்கு மிகவும் உகந்தது. எந்த ஆறு மக்களைக் காத்து வந்ததோ அதே ஆறு நுளம்பின் தொட்டிலாகிவிட்டது. ஆற்றங்கரைகளிலே நெருக்கமாக ஊர்கள் இருந்தன. அங்கு வாழ்ந்தவர்களின் உடம்போ அந்தச் சுரத்துக்குப் பழகாதது. அக்டோபரில் தொடங்கிய கொள்ளைநோய் அடுத்த ஆண்டின் முற்பகுதி வரை நீடித்து, ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிகக் கொடிய பாதிப்புக்கு உள்ளாயின.

மழை பொய்த்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது? ஒருவரையும் சொல்ல முடியாதுதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அது உலகப் பொருளாதார மந்த காலம். தேங்காய்க்கு விலையில்லை. வறட்சியால் வயலும் விளையவில்லை. நுளம்பு எல்லோரையும் கடித்தது. கடிபட்டு எழுந்தவர்கள் ஒரு சாரார், எழ முடியாமற் போனவர்கள் மறு சாரார். வெறும் வயிறாகக் கிடந்தவர்களே அந்த மறு சாராரில் அதிகம். நிவாரண வேலைக்குப் போன இளைஞர்கள் கொயினாவோடு பருப்பையும் கொண்டுபோக வேண்டியிருந்தது. பிற்காலத்தில் புகழ்பெற்ற அரசியல் தலைவரான என். எம். பெரேராவுக்கு அந்த நாட்களில் "பருப்பு மாத்தையா" என்றே பெயர் வந்துவிட்டது. மருந்து கேட்டவர்களுக்கு உண்மையில் சோறும் வேண்டியிருந்தது என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

ஆகவே வறட்சி இயற்கையின் செயல் என்றாலும், அந்த வறட்சியைத் தாங்க முடியாத நிலையில் மக்கள் இருந்தது இயற்கையின் செயலல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதே இவ்விஷயத்தில் நாம் கற்க வேண்டிய முதற்பாடம்.

ஒரே கோடரி, இரண்டு பயன்

இரண்டாவது பாடம் மலாயாவிலிருந்து வருகின்றது. அது நம்மவர்களின் கதை.

சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிப் பினாங்கிலும் கிள்ளான் பகுதியிலும் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள், காடு வெட்டி ரப்பர்த் தோட்டம் உண்டாக்கினார்கள். 1901இல் கிள்ளானுக்கு அருகே போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களுக்குள்ளேயே மலேரியாவின் கொடுமையால் அதை மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அப்பகுதியின் வைத்திய அதிகாரியாக இருந்த மல்கம் வாட்சன், காட்டை வெட்டிச் சதுப்பு நீரை வடிக்க ஏற்பாடு செய்தார். ரோஸின் கண்டுபிடிப்புக்கு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. மலேரியா வெகுவாகக் குறைந்தது.

அதே முறையை மலைச்சரிவுத் தோட்டங்களிலே கைக்கொண்டபோது நேர்மாறான பலன் கிடைத்தது. காடு வெட்ட வெட்ட நோய் கூடியது. காரணத்தை வாட்சன் தேடிக் கண்டுபிடித்தார். கரையோரச் சமநிலத்து நுளம்பு வேறு, மலையடிவாரத்து நுளம்பு வேறு. முன்னது காட்டு நிழலில் தேங்கும் சதுப்பு நீரை விரும்புவது. காட்டை வெட்டினால் அதற்கு இருப்பிடமில்லை. பின்னதான அனோபிலிஸ் மக்குலேட்டஸ், வெயில் படும் தெளிந்த மலையோடைகளிலே பெருகுவது. காடு மூடியிருந்த வரை அந்த ஓடைகளில் வெயில் படவில்லை. கோடரி பட்டதும் வெயில் பட்டது, வெயில் பட்டதும் நுளம்பு பெருகியது. வடிகாலாக வெட்டிய திறந்த கான்கள் கூட அதற்குப் புதிய ஓடைகளாயின. அங்கே ஓடைநீரை நிலத்துக்கடியில் குழாய்களில் இறக்கவும், நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியிருந்தது. ஒரே கோடரி ஓரிடத்தில் உயிர் காத்தது, இன்னோரிடத்தில் உயிர் குடித்தது. நிலத்தின் இயல்பை அறியாமல் செய்யும் நன்மையும் தீமையாகிவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இதிலே நமது கேள்வி எங்கே வருகின்றது? வாட்சனின் அனுபவங்கள் 1911இல் நூலாகவே வெளிவந்துவிட்டன. அதன் பிறகு ஒரு மலைத்தோட்டத்தில், தண்ணீர் எடுக்க வசதி, வேலைக்குப் போகக் கிட்டம் என்று ஓடைக்கு அருகிலேயே லயம் கட்டி, குழாய் இறக்கும் செலவைத் தள்ளிப்போட்டால், அங்கே இறந்த குழந்தையின் மரணத்தை நிலத்தின் இயல்பு என்று எழுதிவிட முடியுமா? கணக்குப் புத்தகத்திலே மிச்சம் பிடித்த ஒரு தொகையும் அந்த மரணத்துக்குக் காரணம் அல்லவா?

சோம்பேறிப் பட்டம்

மூன்றாவது உதாரணம் இன்னும் நுட்பமானது. இலங்கையின் தேயிலைத் தோட்ட லயங்களைப் பலர் பார்த்திருப்போம். ஒரு நீண்ட கட்டடத்திலே முதுகோடு முதுகு சேர்ந்த சிறு அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம், சில வேளைகளில் அதற்கும் மேல். ஆரம்ப காலத்து லயங்களுக்கு மலசலகூடம் என்ற ஒன்று பெரும்பாலும் இருந்ததில்லை. மக்கள் தேயிலைச் செடிகளுக்கிடையே போனார்கள். அந்த மண்ணில் நிழலும் ஈரமும் வெப்பமும் ஒருங்கே உண்டு. கொக்கிப்புழுவின் குடம்பி வளர வேறென்ன வேண்டும்? வெறுங்காலோடு கொழுந்து பறிக்கப் போகிறவரின் பாதத் தோலைத் துளைத்து அது உடம்பிலே புகும். குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சும். ஆள் வெளிறிப்போவார், மூச்சு வாங்கும், கை ஓயும்.

கை ஓய்ந்தவருக்குக் கிடைத்த பட்டம் "சோம்பேறி". இது நமது நாடுகளில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் வெறுங்கால் ஏழை விவசாயிகளைச் சோம்பேறிகள் என்றே ஏசினார்கள். 1902இல் சார்ள்ஸ் ஸ்டைல்ஸ் என்ற விஞ்ஞானி அவர்களிடையே கொக்கிப்புழு பரவியிருப்பதை எடுத்துரைத்தபோது, பத்திரிகைகள் அதற்குச் "சோம்பேறிக் கிருமி" என்று பெயர் சூட்டின. ரொக்பெல்லர் நிறுவனம் அங்கே தொடங்கிய ஒழிப்பு வேலையை 1916இல் இலங்கைத் தோட்டங்களுக்கும் கொண்டுவந்தது. மருந்து கொடுத்தால் புழு வெளியேறியது. மலசலகூடமில்லாத இடங்களில் அது திரும்பவும் வந்தது. மருந்துக்கு ஆகும் செலவு சிறிது, கட்டடத்துக்கு ஆகும் செலவு பெரிது. சிறிய செலவு முதலில் நடந்தது, பெரிய செலவு காத்திருந்தது.

ஒரு மனிதனின் குணம் என்று நாம் தீர்ப்புச் சொல்வது சில வேளைகளில் அவன் நின்ற மண்ணின் குணமாக இருக்கலாம். மலையகத்து மக்களைப் பற்றி யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்த நம்மவர்கள் எவ்வளவு இலகுவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றோம் என்பதை இங்கே நினைத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டு ஆட்சேபங்கள்

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழலாம். இரண்டும் நியாயமானவை.

முதலாவது: "தாய்நாட்டில் பஞ்சத்தில் செத்திருப்பார்களே. தோட்டத்துரை வேலையாவது கொடுத்தாரே. அவர்கள் விரும்பித்தானே வந்தார்கள்?" சென்னை மாகாணத்தில் 1876 முதல் 1878 வரை நிலவிய பஞ்சத்தை நினைத்தால் இதிலே உண்மை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பசியால் வந்தவன் விரும்பி வந்தவன் ஆவானா? வீட்டிலே தீப்பிடித்ததால் வெளியே ஓடி வந்தவனைக் குழிக்குள் இறக்கிவிட்டு, "தீயைவிடக் குழி மேல் அல்லவா" என்று கேட்பது வாதமாகுமே தவிர அறமாகாது. ஒருவருடைய கதியற்ற நிலை நமக்குக் கிடைத்த சலுகை அல்ல. அவர் வேண்டாம் என்று சொல்ல வழியில்லாதபோது, அவருக்காக வேண்டாம் என்று சொல்லும் கடமையும் நம்முடையதாகின்றது.

இரண்டாவது: "அப்படியானால் தனிமனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? கொதித்தாறிய நீரைக் குடிப்பதும், காலுக்குச் செருப்பு அணிவதும், சுற்றாடலைச் சுத்தமாக வைப்பதும் அவனவன் வேலை அல்லவா?" நிச்சயமாக அவனவன் வேலைதான். ஆனால் பொறுப்புக்கு ஓர் அளவுகோல் வேண்டும். தெரிவு செய்யும் வல்லமை எவ்வளவோ, பொறுப்பும் அவ்வளவே. செருப்பு வாங்கக் கூலி போதாதவனிடம் செருப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில் பயனில்லை. அறிவும் அதிகாரமும் பணமும் எங்கே ஒன்றுசேர்கின்றனவோ அங்கே பொறுப்பும் அதிகமாகச் சேர்கின்றது. நம் சமயம் வினையை மூன்றாகப் பிரிப்பதும் இந்த இடத்தில் உதவுகின்றது. நோயுற்றவருடைய பிராரப்தம் என்ன என்பதைப் படிக்கும் கண் நமக்கு இல்லை. அவரைக் கண்டு நாம் என்ன செய்கின்றோம் என்பது நமது ஆகாமியம். நமக்குத் தெரியாத அவர் கணக்கை ஆராய்வதை விட்டு, நாம் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நமது கணக்கைப் பார்ப்பதே அறிவுடைமை.

இடத்தை மாற்ற முடியும்

நிலத்தின் இயல்பு மாற்ற முடியாத விதி அல்ல. இதற்கும் இலங்கையே சாட்சி. 1940களின் நடுப்பகுதியில் தொடங்கிய டி.டி.ரி. தெளிப்பின் பயனாக 1963இல் நாடு முழுவதிலும் மலேரியா நோயாளர் தொகை 20க்கும் கீழே வந்தது. நோய் போய்விட்டது என்று எண்ணிக் கவனம் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தையும் தாண்டியது. பின்னர் பல பத்தாண்டு காலப் போராட்டம். அதிலே குறிப்பிடத்தக்கது, வடக்கு கிழக்கில் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, இடம்பெயர்ந்த மக்கள் முகாம்களிலே வாழ்ந்த காலத்திலேயே, மலேரியாத் தடுப்பு ஊழியர்கள் அங்கும் தம் வேலையைத் தொடர்ந்தார்கள் என்பதாகும். இரத்தப் பரிசோதனை செய்தார்கள், வலைகளைக் கொடுத்தார்கள், மருந்து தெளித்தார்கள். உள்நாட்டிலே தொற்றிய கடைசி மலேரியா நோயாளர் 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

அதே 2016ஆம் ஆண்டின் இறுதியில் மன்னாரில் ஒரு புதிய விருந்தாளி காணப்பட்டது. இந்திய நகரங்களின் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் நுளம்பு அது. டெங்குவைப் பரப்பும் நுளம்பும் அப்படித்தான். பூச்சாடியிலும் தண்ணீர் டிரம்மிலும் எறிந்த டயரிலும் தேங்கும் நீரே அதற்குப் போதும். குழாயிலே ஒழுங்காக நீர் வராத நகரத்தில் மக்கள் நீரைச் சேமித்து வைப்பார்கள், சேமித்த நீரிலே நுளம்பு பிறக்கும். பழைய நோய் காட்டையும் ஆற்றையும் சார்ந்திருந்தது. புதிய நோய் நாம் கட்டும் நகரத்தைச் சார்ந்திருக்கின்றது. உலகம் வெப்பமாகி வருவதால் முன்பு குளிர் காத்த இடங்களிலும் அந்த நுளம்புகள் வாழத் தலைப்படுகின்றன. இத்தாலியிலும் பிரான்சிலும் உள்ளூரிலேயே டெங்கு தொற்றியவர்கள் இருக்கின்றார்கள். நிலத்தின் இயல்பிலே மனிதனின் பங்கு வரவரக் கூடிக்கொண்டே போகின்றது.

லயம் போய் விடுதி வந்தது

லயமெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு 2020ஆம் ஆண்டை நினைவூட்ட வேண்டும். கோவிட் நோய் பரவியபோது சிங்கப்பூர், செல்வத்திலும் சுத்தத்திலும் வைத்திய வசதியிலும் உலகின் முன்வரிசையில் நின்ற நாடு. ஆனால் அங்கே தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் புலம்பெயர்ந்த தொழிலாளர் விடுதிகளிலேயே இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் கட்டட வேலைக்கும் கப்பற்பட்டறை வேலைக்கும் போனவர்கள் அவர்கள். ஓர் அறையிலே பன்னிரண்டு பேர், இருபது பேர், அடுக்குக் கட்டில்கள், பொதுச் சமையலறை, பொதுக் குளியலறை. விடுதிகளில் வாழ்ந்த சுமார் 3 இலட்சத்து 20 ஆயிரம் பேரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது என்று அந்த ஆண்டின் இறுதியில் அரசாங்கமே அறிவித்தது. பெரும்பாலும் இளைஞர்கள் என்பதால் மரணங்கள் மிகக் குறைவு. நல்ல வைத்தியமும் அளிக்கப்பட்டது. 2021இல் புதிய விடுதிகளுக்கு, ஓர் அறைக்கு 12 பேருக்கு மேற்படாமலும் அறையோடு சேர்ந்த கழிவறையோடும் இருக்க வேண்டும் என்ற விதிகள் வந்தன. நோய் வந்த பின்னராவது அறை விரிந்தது.

நாம் யோசிக்க வேண்டியது இதுதான். அதே நகரத்தில், அதே தட்பவெப்பத்தில், அதே மொழி பேசும் தமிழர்கள் இரு வகையாக வாழ்ந்தார்கள். அடுக்குமாடி வீட்டில் இருந்தவருக்கு ஒரு விதமான ஆபத்து, விடுதியில் இருந்தவருக்கு வேறு விதமான ஆபத்து. இருவரும் ஒரே கோயிலில் ஒரே தீபாராதனையைக் கண்டு கும்பிட்டவர்கள். அவர்களைப் பிரித்தது வினை என்று சொல்வதா, வாடகை என்று சொல்வதா?

நமது வாசலில்

மற்ற நாட்டையும் மற்ற காலத்தையும் பேசிவிட்டு நமது வாசலைப் பாராமல் விடுவது முறையாகாது.

நமது கோயில்கள் திருப்பணிக்காகச் சிற்பிகளை அழைக்கின்றன. அர்ச்சகர்கள், நாதஸ்வர தவில் வித்துவான்கள், மடைப்பள்ளியில் சமைப்பவர்கள் எல்லோரும் தாயகத்திலிருந்து வருகின்றார்கள். வெயில் நாட்டிலிருந்து குளிர் நாட்டுக்கு, மொழி தெரியாத இடத்துக்கு வருகின்றார்கள். அவர்கள் இரவிலே எங்கே படுக்கின்றார்கள்? அந்த அறைக்கு ஜன்னல் உண்டா? சுவரிலே ஈரம் கசிகின்றதா? எத்தனை பேர் ஓர் அறையில்? இருமல் வந்தால் வைத்தியரிடம் அழைத்துப் போவது யார்? காசநோய் நெருக்கத்தையும் காற்றோட்டமில்லாமையையும் தேடி வரும் நோய். கருவறையின் அழகுக்காக நாம் எவ்வளவு ஆலோசிக்கின்றோமோ அதிலே ஒரு பங்காவது கருவறையில் நிற்பவரின் படுக்கையறைக்காகவும் ஆலோசிக்க வேண்டும். நிர்வாக சபைக் கூட்டங்களில் இது ஒரு நிரந்தரமான விடயமாக இருக்கட்டும்.

நம்மிலே வீடுகளை வாடகைக்கு விடுபவர்கள் பலர் இருக்கின்றோம். புதிதாக வரும் மாணவர்களும் தஞ்சம் கோரி வந்தவர்களும் ஒரு வீட்டிலே பத்துப் பேராக இருப்பதை "அவர்களாகக் கேட்டார்கள்" என்று சொல்லி ஏற்றுக்கொள்கின்றோம். தோட்டத்துரை சொன்ன சொல்லும் அதுதான் என்பதை மறந்துவிடலாகாது.

நம் குடும்பங்களுக்கும் ஒரு சொல். விடுமுறைக்குத் தாயகம் செல்லும்போது, "நாங்கள் அந்த மண்ணிலே பிறந்தவர்கள், எங்களுக்கு ஒன்றும் வராது" என்று நினைப்பவர்கள் உண்டு. மலேரியாவுக்கு எதிராக உடம்பு பெற்ற பழக்கம் சில ஆண்டுகள் அந்த நோயில்லா நாட்டில் வாழ்ந்தாலே தேய்ந்துவிடும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது அறவே இல்லை. இலங்கையில் இன்று உள்ளூர் மலேரியா இல்லை என்றாலும் இந்தியாவின் சில பகுதிகளில் உண்டு. டெங்கு இரண்டு நாடுகளிலும் உண்டு. புறப்படுமுன் வைத்தியரைக் கேட்பதும், திரும்பி வந்த பின் காய்ச்சல் கண்டால் எங்கே போய் வந்தோம் என்பதை மறவாமல் சொல்வதும் நமது கடமை. நிலம் மாறினால் உடம்பும் மாறுகின்றது என்பதற்கு நாமே உதாரணம்.

முடிவாக ஒன்று. நோயாளியைப் பார்க்கப் போகும்போது பழமும் விபூதியும் கொண்டு போகின்றோம், அது நல்ல வழக்கம். போன இடத்திலே அந்த வீட்டின் சுவரையும் கூரையையும் தண்ணீரையும் ஒரு முறை கண்ணெடுத்துப் பார்ப்போம். ஒழுகும் கூரையை அடைக்க ஆளனுப்புவதும், வீட்டுக்காரரிடம் நோயாளிக்காகப் பேசுவதும், நெருக்கத்தில் கிடப்பவருக்கு வேறு இடம் தேடிக் கொடுப்பதும் சிவத்தொண்டே. அவருடைய வினையை இறைவன் பார்த்துக்கொள்வான். அவர் படுத்திருக்கும் இடத்தை நாம் பார்த்துக்கொள்வோம்.